சிடி எண் ஒன்று, குளோன் பல: எதிர்ப்பொருள் உண்மையில் எதைப் பற்றிக்கொள்கிறது?

இரத்தத்தின் சில வெள்ளணுக்கள் மேற்பரப்பில் சிடி4 என்ற புரதத்தைச் சுமக்கின்றன. அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளில் சாயத்தைப் பூட்டி அந்தச் செல்களை எண்ணுகிறார்கள்; ஒரே செல்வழியில் வரும் ஒவ்வோர் எதிர்ப்பொருளும் ஒரு குளோன். ஓகேடி4 என்ற குளோனைக் கொண்டு சாயமேற்றினால் சிலருடைய இரத்தத்தில் சிடி4 செல் ஒன்றுகூடத் தென்படாது. அதே குழாயிலிருந்து இன்னொரு 100 மைக்ரோலிட்டர் எடுத்து எஸ்கே3 குளோனைச் சேர்த்தால் எண்ணிக்கை இயல்பாக இருக்கும். இப்படிப்பட்டவர்கள் இருப்பது 1980களிலேயே தெரியவந்தது. அவர்களிடம் சிடி4 குறைவாக இல்லை. அந்தப் புரதத்தின் 240ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோஃபான் அமர்ந்திருக்கிறது. ஓகேடி4 பற்றிக்கொள்ளும் இடம் அதனால் கெட்டுவிடுகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்திருந்தால் ஓகேடி4 ஒட்டவே ஒட்டாது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் செல்கள் பாதிப் பிரகாசத்தில் தெரியும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் ஜப்பானியரிடமும் இது பதிவாகியுள்ளது. எச்ஐவி சிகிச்சையில் சிடி4 எண்ணிக்கையை வைத்தே முடிவெடுத்த காலத்தில், 'பூஜ்யம்' என்ற அறிக்கை என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பொருள் தான் பிடிக்கும் மூலக்கூறை, அதாவது ஆன்டிஜெனை, முழுதாகப் பார்ப்பதில்லை. அதன் மேற்பரப்பில் ஒரு சிறு திட்டை மட்டும் பார்க்கிறது. அந்தத் திட்டுதான் எபிடோப். மூலக்கூறு எது என்பதைச் சிடி எண் சொல்லும். அந்த மூலக்கூறில் எந்த இடம் என்பதைக் குளோனின் பெயர் சொல்லும். ஆய்வக அறிக்கைகளில் முதலாவது எப்போதும் இருக்கும், இரண்டாவது பெரும்பாலும் இருக்காது. குழப்பங்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

சிடி4 மூலக்கூறு செல்லுக்கு வெளியே நான்கு அடுக்குகளாக நீண்டிருக்கும்: டி1, டி2, டி3, டி4. எச்ஐவியின் ஜிபி120 புரதம் நுனியிலுள்ள டி1இல் ஒட்டுகிறது. எஸ்கே3 குளோனும் டி1ஐத்தான் பிடிக்கிறது. ஆகவே ஜிபி120 ஏற்கெனவே ஒட்டியிருந்தால் எஸ்கே3 ஒட்டாது. டி3இல் ஒட்டும் ஓகேடி4க்கு அந்தத் தடை இல்லை. ஒரே செல், ஒரே புரதம்; ஒரு குளோன் 'இருக்கிறது' என்கிறது, மற்றொன்று 'இல்லை' என்கிறது. இரண்டும் சரியாகவே சொல்கின்றன. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இபாலிசுமாப் மருந்து டி2இல் ஒட்டுகிறது. அது ஜிபி120 ஒட்டுவதைத் தடுப்பதில்லை. ஒட்டிய பிறகு வைரஸ் உள்ளே நுழையத் தேவையான வடிவமாற்றத்தைத் தடுக்கிறது. டி1ஐ விட்டுவைப்பதால் சிடி4இன் இயல்பான வேலையும் பெரிதாகக் கெடுவதில்லை. எபிடோப் ஓர் அடுக்கு தள்ளிப் போனதில் மருந்தின் வேலையே மாறிவிட்டது.

பற்றிக்கொள்ளுதல் என்பது இயற்பியலாக என்ன? எதிர்ப்பொருளின் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஆறு வளையங்கள் இருக்கின்றன: கனச் சங்கிலியிலிருந்து மூன்று, இலகு சங்கிலியிலிருந்து மூன்று. கனச் சங்கிலியின் மூன்றாவது வளையத்தில்தான் வேறுபாடு மிக அதிகம். பிணைப்பின் பெரும்பங்கு அதன் பொறுப்பு. புரத ஆன்டிஜெனோடு ஓர் எதிர்ப்பொருள் எப்படிப் பொருந்துகிறது என்பதை எக்ஸ்-கதிர்ப் படிக ஆய்வு முதன்முதலில் காட்டியது 1986இல். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் லைசோசைம் என்ற புரதத்தையும் அதைப் பிடிக்கும் டி1.3 என்ற எதிர்ப்பொருளையும் வைத்து அந்த ஆய்வைச் செய்தார்கள். ஏறத்தாழ 30க்கு 20 ஆங்ஸ்ட்ராம் பரப்பில் லைசோசைமின் 16 அமினோ அமிலங்கள் எதிர்ப்பொருளின் 17ஐத் தொட்டன. அதன்பின் வந்த நூற்றுக்கணக்கான வடிவங்களிலும் அளவு இதை ஒட்டியே இருக்கிறது: 15 முதல் 20 அமினோ அமிலங்கள், ஒரு பக்கத்துக்கு 600 முதல் 900 சதுர ஆங்ஸ்ட்ராம்.

தொடும் எல்லாமே சமமாக உழைப்பதில்லை. பிணைப்பு ஆற்றலின் பெரும்பகுதியை மூன்று நான்கு அமினோ அமிலங்கள்தான் சுமக்கின்றன. அவற்றில் ஒன்று மாறினால் எல்லாம் போய்விடும். ஓரத்தில் ஒன்று மாறினால் எதுவும் தெரியாது. சிடி4இன் 240ஆம் இடம் முதல் வகை. அதோடு, எபிடோப்பைச் சேர்ந்த அமினோ அமிலங்கள் புரதத் தொடரில் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. தொடரில் தொலைவில் இருப்பவை புரதம் மடியும்போது அருகருகே வந்து ஒரு திட்டாகின்றன. பெரும்பாலான எபிடோப்கள் இப்படித்தான் அமைகின்றன. மடிப்பு குலைந்தால் அவையும் இல்லாமல் போகும். செல்லின் அடையாளத்தைக் காட்டும் எச்எல்ஏ புரதங்களில் முதல் வகுப்பைக் காட்ட 1978இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான டபிள்யூ6/32 குளோன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த மூலக்கூறின் கனச் சங்கிலியும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதமும் சேர்ந்திருக்கும்போதுதான் அது ஒட்டும். செல்லை பிஎச் 3 சிட்ரேட் கரைசலில் சிறிது நேரம் வைத்து பீட்டா-2ஐக் கழற்றிவிட்டால் டபிள்யூ6/32 மறைந்துவிடும். தனிக் கனச் சங்கிலியைப் பிடிக்கும் எச்சி10 குளோன் மேலெழும்.

வேகமும் முக்கியம். ஓர் எதிர்ப்பொருள் நொடிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வீதம் கழன்றுகொண்டிருந்தால், பாதி கழல ஏறத்தாழ 12 நிமிடம் ஆகும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சாயமேற்றி, இரண்டு முறை கழுவி, சாயமேறிய செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் சைட்டோமீட்டரில் இடத்துக்காகக் காத்திருக்கும் குழாயில் இந்த வேறுபாடு நேரடியாகத் தெரியும். இரண்டு கைகளும் ஒரே செல்லில் இரண்டு மூலக்கூறுகளைப் பிடித்திருந்தால் கழல்வது வெகுவாகக் குறையும். அதனால் ஆன்டிஜென் அடர்த்தி குறைந்த செல்கள்தான் முதலில் மங்கும். 'மங்கலான நேர்மறை' என்று எழுதுவதற்கு முன் கழுவாத குழாய் ஒன்றையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இத்தனை குளோன்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், ஒரே எண்ணின்கீழ் ஏன் இவ்வளவு வேறுபாடு என்பது விளங்கும். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் சுண்டெலி மண்ணீரல் செல்லை மைலோமா என்ற புற்றுநோயின் செல்லோடு இணைத்து, ஒரே எதிர்ப்பொருளைத் தொடர்ந்து சுரக்கும் ஹைப்ரிடோமா என்ற கலப்புச் செல்லை உருவாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் ஆய்வகங்கள் மனித வெள்ளணுக்களைச் சுண்டெலிக்குச் செலுத்திக் குளோன்களைக் குவித்தன. ஒவ்வொன்றுக்கும் அவரவர் வைத்த பெயர். 1982இல் பாரிஸில் நடந்த முதல் பன்னாட்டுப் பயிலரங்கு இவற்றை ஒப்பிட்டுத் தொகுத்து சிடி எண்களைக் கொடுத்தது. ஒரே மூலக்கூறைப் பிடிக்கும் குளோன்கள் குறைந்தது இரண்டு இருந்தால்தான் எண் என்பது விதி. ஆக, ஒரே மூலக்கூறில் வெவ்வேறு இடங்களைப் பிடிப்பவற்றை ஒரே பெயரில் சேர்ப்பதுதான் அந்த முறையின் அடிப்படையே.

சுண்டெலியில் உருவாக்கியதற்கு இன்னொரு விளைவும் உண்டு. மனிதப் புரதமும் சுண்டெலிப் புரதமும் ஒத்திருக்கும் இடங்களைச் சுண்டெலி தன்னுடையதாகவே கருதும். அங்கே எதிர்ப்பொருள் உருவாகாது. வேறுபடும் இடங்களில்தான் எபிடோப்கள் குவியும். பி செல்களின் மேற்பரப்பிலுள்ள சிடி20இல் இது துல்லியமாகத் தெரிகிறது. மனித சிடி20இன் 170ஆம் இடத்தில் அலனின், 172இல் புரோலின். சுண்டெலியில் இரண்டுமே செரின். மனிதப் புரதத்தில் அந்த இரண்டை மட்டும் செரினாக்கினால், சிடி20ஐப் பிடிக்கும் எதிர்ப்பொருள் மருந்தான ரிடுக்சிமாப் ஒட்டுவதில்லை.

சிடி20ஐச் சற்று விரிவாகவே பார்க்கலாம். 297 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம் செல் சவ்வை நான்கு முறை கடக்கிறது. இரு முனைகளும் செல்லுக்கு உள்ளே இருக்கும். வெளியே தெரிவது ஒரு சிறு வளையமும் ஒரு பெரு வளையமும்தான். 1997இல் அனுமதி பெற்ற ரிடுக்சிமாப் பெரு வளையத்தில் ஒட்டுகிறது. 2009இல் வந்த ஓஃபாட்டுமுமாப் சிறு வளையத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. 2013இல் வந்த ஒபினுடுசுமாபின் எபிடோப் ரிடுக்சிமாபுடையதோடு பெரிதும் ஒன்றிப்போகிறது. ஆனால் அணுகும் கோணம் வேறு. ஒரே செல்லில் ரிடுக்சிமாப் ஒட்டும் அளவில் பாதிதான் ஒபினுடுசுமாப் ஒட்டுகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2020இல் கிரையோ மின்னணு நுண்ணோக்கி காட்டிய வடிவங்கள் அதை அவிழ்த்தன. சிடி20 இரண்டு இரண்டாகச் சேர்ந்திருக்கிறது. அந்த இணையில் ரிடுக்சிமாபின் இரண்டு கைகள் ஒன்றையொன்று தொட்டபடி அமர முடிகிறது. ஒபினுடுசுமாப் ஒரு கை அமர்ந்ததுமே மற்றொன்றுக்கு இடம் இல்லை. அப்படி அமரும் ரிடுக்சிமாப் சிடி20 இணைகளைப் பிணைத்துத் திரட்டுவதால், செல்லைத் துளைத்துக் கொல்லும் இரத்தப் புரதத் தொகுதியான காம்ப்ளிமென்ட் வலுவாகத் தூண்டப்படுகிறது. ஒபினுடுசுமாபில் அந்தத் தூண்டல் குறைவு. செல்லை நேரடியாகச் சாகடிப்பது அதிகம். எபிடோப்பின் முகவரி மட்டும் போதாது, எந்தச் சாய்வில் அணுகுகிறது என்பதும் தெரிய வேண்டும்.

நோயியல் ஆய்வகத்தில் சிடி20 என்றால் பெரும்பாலும் எல்26 குளோன். அது பிடிப்பது செல்லுக்கு உள்ளே இருக்கும் பகுதியை. ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதிந்த திசுவில் செல்கள் வெட்டப்பட்டிருப்பதால் உட்பகுதியை எட்டுவதில் சிக்கல் இல்லை. உயிருள்ள செல்லில், சவ்வைத் துளைக்காமல், எல்26 எதையும் காட்டாது. ரிடுக்சிமாப் பெற்ற நோயாளியின் இரத்தத்தில் இது தலைகீழாகும்: வெளி வளையத்தை மருந்து மூடியிருப்பதால் சைட்டோமீட்டரியில் சிடி20 எதிர்மறையாக வரலாம். அதனால்தான் சிகிச்சைக்குப் பின் பி செல்லைச் சிடி19 கொண்டு எண்ணுகிறார்கள். அதே மருந்து சிறுநீரக மாற்றுக்கு முந்தைய பி செல் கிராஸ்மேட்ச் சோதனையில், அதாவது பெறுபவரின் சீரம் கொடையாளரின் செல்களைத் தாக்குமா என்று பார்க்கும் சோதனையில், பொய்யான நேர்மறையையும் தரும். கொடையாளரின் செல்களைப் புரோனேஸ் நொதியால் பதப்படுத்தி சிடி20ஐ நீக்கிவிட்டுச் சோதிப்பது வழக்கம்.

மருந்தே எபிடோப்பை ஆக்கிரமித்துக்கொள்ளும் சிக்கலின் மிகக் கடுமையான வடிவம் இரத்த வங்கியில் காணப்படுகிறது. மைலோமாவுக்கு 2015இல் வந்த டாராடுமுமாப் சிடி38ஐப் பிடிக்கிறது. 274ஆம் இடத்திலுள்ள செரின் அதற்கு இன்றியமையாதது. சிடி38 சிவப்பணுக்களிலும் சிறிதளவு உண்டு. நோயாளியின் சீரத்தில் மிதக்கும் மருந்து, சோதனைக்கு வைத்த எல்லாச் சிவப்பணுக்களிலும் ஒட்டிக்கொள்கிறது. டாராடுமுமாப் மனித ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் ஆதலால், சீரத்தில் சிவப்பணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் மறைமுக ஆன்டிகுளோபுலின் சோதனையின் கடைசிக் கட்டத்தில் சேர்க்கும், மனித ஐஜிஜியைப் பிடிக்கும் கூம்ப்ஸ் சீரம் அதைப் பிடித்து எல்லாக் குழாய்களிலும் திரட்சியைக் காட்டும். வலு பொதுவாகக் குறைவுதான். ஆனால் எல்லாமே நேர்மறை என்றால், அதன் அடியில் உண்மையான எதிர்ப்பொருள் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று தெரியாது. கடைசி டோஸுக்குப் பிறகும் ஆறு மாதம் வரை இது நீடிக்கலாம்.

தீர்வும் எபிடோப்பின் வேதியியலிலிருந்தே வந்தது. சிடி38இன் வெளிப்பகுதியை ஆறு டைசல்ஃபைடு (கந்தக-கந்தக) பிணைப்புகள் தாங்கி நிற்கின்றன. டைதயோதிரைட்டால் என்ற வேதிப்பொருள் அவற்றை உடைக்கும், மடிப்பு குலையும், எபிடோப் மறையும். கழுவிய சிவப்பணு ஒரு பங்குக்கு, பிஎச் 8.0இல் உள்ள 0.2 மோலார் டைதயோதிரைட்டால் நான்கு பங்கு சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் 30 முதல் 45 நிமிடம் வைத்து, நான்கு முறை கழுவிய பின் சோதிக்கலாம். கெல் என்ற இரத்தவகைத் தொகுதியின் ஆன்டிஜென்களும் (கே அவற்றில் ஒன்று) டைசல்ஃபைடை நம்பியவை; அவையும் இதே பதப்படுத்தலில் அழியும். எனவே கே-நேர்மறைச் செல் எதிர்-கே சீரத்தோடு எதிர்மறையாவது, வினைப்பொருள் வேலை செய்தது என்பதற்கான சான்று. டைசல்ஃபைடை நம்பாத இ ஆன்டிஜென் கொண்ட இ-நேர்மறைச் செல் எதிர்-இ சீரத்தோடு நேர்மறையாகவே நிற்பது, அளவுக்கு மீறிச் சிதைக்கவில்லை என்பதற்கான சான்று. எதிர்-கே இருக்கிறதா என்று இந்த முறையால் கண்டறிய முடியாது. ஆகையால் நோயாளி கே-நேர்மறை என்று தெரிந்தாலன்றி, கே-எதிர்மறை இரத்தமே கொடுப்பார்கள். இவ்வளவையும் எளிதாக்கும் ஒன்று உண்டு: முதல் டோஸுக்கு முன்பே இரத்தவகை, எதிர்ப்பொருள் சோதனை, விரிவான சிவப்பணு வகைப்பாடு ஆகியவற்றைச் செய்து வைப்பது. புற்றுநோய்ப் பிரிவு இரத்த வங்கிக்குச் சொல்லாமல் மருந்தைத் தொடங்கிவிட்டால், அவசர இரத்தம் தேவைப்படும் இரவில் இதன் விலை தெரியும்.

அதே நோயாளியின் எலும்பு மஜ்ஜையில் எஞ்சிய மைலோமா செல்களைத் தேடும்போதும் வழக்கமான சிடி38 குளோன்கள் மூடிய கதவை முட்டும். அதனால் பல எபிடோப்களை ஒருங்கே பிடிக்கும் சிடி38 கலவையைப் பயன்படுத்துகிறார்கள். அல்லது சிடி138, சிடி229, சிடி319 போன்ற வேறு மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள்.

எல்லா எபிடோப்களும் புரதத்தால் மட்டும் ஆனவையும் அல்ல. இரத்த ஸ்டெம் செல்களை அடையாளம் காட்டும் சிடி34 மூலக்கூறின் வெளிமுனை சர்க்கரைத் தொடர்களால் போர்த்தப்பட்டது. அதன் குளோன்களை, எந்த நொதி எபிடோப்பை அழிக்கிறது என்பதை வைத்து மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். மை10 போன்ற முதல் வகுப்பு சயாலிக் அமிலத்தை நம்பியது. நியூராமினிடேஸ் அதை அழிக்கும். கியூபெண்ட்10 போன்ற இரண்டாம் வகுப்பு நியூராமினிடேஸைத் தாங்கும், கிளைக்கோபுரோட்டியேஸைத் தாங்காது. 8ஜி12, 581 போன்ற மூன்றாம் வகுப்பு இரண்டையும் தாங்கும். சர்க்கரைப் போர்வை செல்லுக்குச் செல் மாறுவதால் முதல் வகுப்பு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டக்கூடும். ஸ்டெம் செல் எண்ணிக்கைக்காக 1996இல் வந்த இஷாஜ் வழிமுறை அதைத் தவிர்க்கச் சொல்கிறது. இரண்டாம் வகுப்பைப் பயன்படுத்தினால் ஃபைகோஎரித்ரின் சாயத்தோடு வைத்துக்கொள்ளலாம், எஃப்ஐடிசி சாயத்தோடு கூடாது. எஃப்ஐடிசி எதிர்ப்பொருளின் மின்சுமையை மாற்றுவதால் பிணைப்பு கெடுகிறது. உடல் எடை ஒரு கிலோவுக்கு 20 லட்சம் சிடி34 செல்களாவது கிடைத்தால்தான் மாற்று சிகிச்சைக்குப் போகலாம் என்ற இடத்தில், குளோன் தேர்வால் வரும் குறை சிறிய விஷயமல்ல.

சிடி45 இதற்கு அடுத்த படி. வெள்ளணுக்களிலுள்ள இந்தப் புரதத்தின் மரபணுவில் 4, 5, 6ஆம் எக்சான்களை (புரதமாகும் துண்டுகளை) சேர்ப்பதும் விடுவதுமாக செல் பல வடிவங்களைச் செய்கிறது. சிடி45ஆர்ஏ குளோன் பிடிப்பது 4ஆம் எக்சான் தரும் பகுதியை. அனுபவமற்ற டி செல்லில் அது இருக்கும், நினைவுச் செல்லில் இருக்காது. ஆனால் 4ஆம் எக்சானின் 77ஆம் இடத்தில் சைட்டோசினுக்குப் பதில் குவானின் இருப்பவர்களால் அந்த எக்சானை விட முடிவதில்லை. அவர்களுடைய நினைவுச் செல்களிலும் சிடி45ஆர்ஏ தெரியும். கருவியில் பிழை தேடி ஒருநாள் வீணாவதற்கு இது ஒன்று போதும்.

முதுகெலும்பு அழற்சி நோயோடு தொடர்புடைய எச்எல்ஏ-பி27 சோதனையில் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது: வேறு மூலக்கூறிலும் ஏறத்தாழ அதே திட்டு இருப்பது. முதுகுவலிக்காக இந்தச் சோதனை செய்துகொண்ட பலருக்கு, அது சைட்டோமீட்டரியா மரபணுச் சோதனையா என்பதே தெரிந்திருக்காது. பி27 குளோன்கள் பலவும் எச்எல்ஏ-பி7 மூலக்கூறிலும் ஓரளவு ஒட்டும். அதனால் நல்ல ஆய்வகங்கள் பி7ஐத் தனியே காட்டும் குளோனையும் சேர்த்து வைக்கும்; பிரகாசம் நடுத்தரமாக நின்றால் முடிவைச் சொல்லாமல் பிசிஆர் மரபணுச் சோதனைக்கு அனுப்பும்.

மாதிரியைக் கையாளும் விதமும் எபிடோப்பை மாற்றும். ஃபார்மால்டிஹைடு லைசின்களைப் பிணைத்துவிடும். எபிடோப்பின் மையத்தில் லைசின் இருந்தால் குளோன் குருடாகும், இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. மெத்தனால் மடிப்பைக் குலைக்கும். மெழுகுத் திசுவை பிஎச் 6.0 சிட்ரேட்டிலோ பிஎச் 9.0 டிரிஸ்-ஈடிடிஏவிலோ 95 டிகிரிக்கு மேல் 20 நிமிடம் சூடாக்குவது குறுக்குப் பிணைப்புகளைத் தளர்த்தத்தான். அது தொடர் எபிடோப்களை மீட்கும், மடிப்பு எபிடோப்களை மீட்பது அரிது. வெள்ளணுக்களின் ஒட்டும் புரதங்களான பீட்டா-2 இன்டெக்ரின்கள் கிளர்ந்திருப்பதைக் காட்டும் 24 என்ற குளோனுக்கு மக்னீசியமோ மாங்கனீசோ வேண்டும். ஊதா மூடிக் குழாயின் ஈடிடிஏ அவற்றை உறிஞ்சிவிடுவதால் ஹெப்பாரின் குழாய்தான் தேவை. பி செல்லின் மேற்பரப்பிலுள்ள எதிர்ப்பொருளின் இலகு சங்கிலி வகைகளான கப்பா, லாம்டாவுக்குச் சாயமிடும்போது பிளாஸ்மாவில் உள்ள ஐஜிஜியே எதிர்ப்பொருளைத் தின்றுவிடும். 37 டிகிரி உப்புக்கரைசலில் இரண்டு மூன்று முறை செல்லைக் கழுவிய பிறகே சேர்க்க வேண்டும்.

ஒரு குளோனின் எபிடோப் எது என்று கண்டறியும் முறைகளிலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு குளோன்களைப் போட்டியிட வைப்பது எளிது. ஆனால் ஒன்று மற்றொன்றைத் தடுத்தது என்றால் இருவரும் ஒரே இடம் என்று ஆகாது, பக்கத்தில் நின்றாலும் உடம்பு இடிக்கும். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக அலனினாக மாற்றிப் பார்ப்பது கூர்மையானது. ஆனால் மாற்றம் புரதத்தின் மடிப்பையே கெடுத்தாலும் பிணைப்பு போகும். ஆகவே தொலைவில் ஒட்டும் வேறொரு குளோன் இன்னும் ஒட்டுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சிறு பெப்டைடுகளை வரிசையாக அடுக்கிச் சோதிப்பது தொடர் எபிடோப்பை மட்டுமே பிடிக்கும். ஹைட்ரஜன்-டியூட்டீரியம் பரிமாற்றம் தொட்ட இடத்தோடு, தொட்டதால் தொலைவில் இறுகிய இடத்தையும் காட்டும். படிக ஆய்வும் கிரையோ நுண்ணோக்கியும்தான் அணுக்களின் அளவில் முடிவைத் தருபவை.

இந்தத் தகவல் உயிர்மரணப் பிரச்சினையாவது சிஏஆர்-டி சிகிச்சையில். அதில் நோயாளியின் டி செல்களுக்கு, புற்றுநோய்ச் செல்லைப் பிடிக்கும் சிஏஆர் என்ற செயற்கை ஏற்பியின் மரபணுவை ஏற்றித் திரும்பச் செலுத்துகிறார்கள். சிடி19ஐக் குறிவைக்கும் பெரும்பாலான சிஏஆர்-டி செல்கள், 2017இல் அனுமதி பெற்ற டிசாஜென்லெக்லூசெல் உட்பட, ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மருத்துவ மையத்தில் உருவான எஃப்எம்சி63 குளோனின் பிணைப்புப் பகுதியைச் சுமக்கின்றன. சில நோயாளிகளில் லுகேமியா செல், சிடி19இன் 2ஆம் எக்சானை விட்டுவிட்டு, எஃப்எம்சி63க்குத் தேவையான பகுதி இல்லாத புரதத்தைச் செய்யத் தொடங்குகிறது. 2018இல் வெளியான ஒரு நேர்வு இன்னும் விசித்திரமானது. சிஏஆர் மரபணுவை ஏற்றும்போது, டி செல்களோடு தப்பி வந்த ஒரே ஒரு லுகேமியா செல்லுக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. அந்தச் செல்லின் மேற்பரப்பில் இருந்த சிஏஆர், தன் சொந்த சிடி19ஐயே பிடித்து எபிடோப்பை மறைத்தது. சிகிச்சைச் செல்களுக்கு அது தெரியவில்லை, நோய் திரும்பியது. வழக்கமான சிடி19 குளோன்களில் பல எஃப்எம்சி63ஓடு போட்டியிடுபவை என்பதால், ஆய்வகச் சாயத்திலும் அந்தச் செல் சிடி19-எதிர்மறை என்றே வரும். இத்தகைய நோயாளியின் மஜ்ஜையில் பி செல்லைத் தேடும் குழாயில் சிடி22, சிடி24, செல்லுக்குள் இருக்கும் சிடி79ஏ ஆகியவற்றைச் சேர்ப்பது இதற்காகத்தான். சிடி19 எதிர்மறை என்று எழுதும் அறிக்கையில் எந்தக் குளோனால் சாயமிட்டது என்பதையும், நோயாளி எஃப்எம்சி63 சார்ந்த சிகிச்சை பெற்றவரா என்பதையும் அதே வரியில் குறிப்பிட வேண்டும்.